தங்கமீனுக்காகச் செய்த பழைய ஆங்கிலேய ஸ்டாண்டுகள்: முதன்முறை வாங்குவோருக்கு

பழைய ஆங்கிலேய மரச்சாமான் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் வழக்கமாக நாற்காலியையோ எழுதுமேசையையோதான் தேடிப் போவார்கள். தங்கமீன் வைத்துக் காட்டுவதற்கென்றே ஒரு காலத்தில் தனிச் சாமான் செய்தார்கள் என்பது பலருக்கும் தெரியாது. ஏலங்களில் அபூர்வமாகத்தான் வரும். வருவதிலும் நிறைய, முகம் கழுவவோ பூந்தொட்டி வைக்கவோ செய்து, பின்னாளில் தங்கமீன் பெயரைச் சூட்டிக்கொண்டவை. பெயர் மாறினால் விலை ஏறுகிறதே!

அதனால் புதிதாக வருகிறவர் முதலில் பழக வேண்டியது, தண்ணீர் பட்ட மரத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ள. காலம், பாணி, முத்திரை எல்லாம் புத்தகம் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். பல வருஷம் தலையில் தண்ணீரைச் சுமந்த சாமான் எப்படி இருக்கும் என்பது மட்டும் குனிந்து, தொட்டு, டார்ச் அடித்துப் பார்த்தால்தான் வரும்.

எந்தக் காலத்துச் சாமான் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தங்கமீன் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1728 வாக்கில் லண்டன் வணிகர் சர் மாத்யூ டெக்கர் நிறைய மீன்களைத் தருவித்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் பணக்கார வீடுகளில் பரவியது. அப்போது மீன் இருந்த இடம் தோட்டத்துக் குளம், வீட்டுக்குள் என்றால் சீனப் பீங்கான் தொட்டி. எழுத்தாளர் ஹொரேஸ் வால்போலின் பூனை 1747இல் அப்படியொரு பீங்கான் தொட்டியில் எட்டிப் பார்த்து, விழுந்து செத்துப்போனது. அதற்கு இரங்கற்பா எழுதியவர் கவிஞர் தாமஸ் கிரே. வால்போல் அந்தத் தொட்டியைப் பிற்பாடு தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் பீடம் போட்டு நிறுத்திவைத்தார். ஒரு பூனைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததைப் படிக்கும்போது சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் மீன் தொட்டிக்குப் பீடம் என்ற யோசனை எந்த மாதிரி வீட்டில் முளைத்தது என்பதற்கு இது நல்ல சான்று.

இந்தக் காலத்துச் சாமான் என்று சொல்லி, உள்ளே மீனும் பாசியும் தீட்டிய பீங்கான் தொட்டியைச் செதுக்கல் வேலை செய்த மர ஸ்டாண்டின்மேல் வைத்து விற்பார்கள். தொட்டி பழையதாகவே இருக்கலாம். ஸ்டாண்டு பெரும்பாலும் அண்மைக் காலத்தில் கிழக்காசியாவில் செய்தது. இரண்டையும் தனித்தனியாக மதிப்பிடுங்கள்.

அடுத்தது ரீஜென்சி காலம். மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட காலம் அது. ஆட்சிக் கணக்கில் 1811 முதல் 1820 வரைதான். மரச்சாமான் வணிகத்தில் 1800 முதல் 1830 வரை நீட்டிக்கொள்வார்கள். சேகரிப்பவர்கள் ஆசைப்படும் சாமான் இந்தக் காலத்துடையதுதான். மூன்று கால், நடுவில் ஒரு தண்டு, உச்சியில் வளையம். அந்த வளையத்தில் பெரிய கண்ணாடிக் குடுவை உட்காரும். மரம் ரோஸ்வுட்டாகவோ மஹோகனியாகவோ இருக்கும், இல்லையென்றால் முழுக்கத் தங்க ரேக் ஒட்டியிருப்பார்கள். வரவேற்பறையில் ஜன்னல் பக்கமாக வைப்பதற்காகச் செய்தது. நாலு பக்கமும் சுற்றிவந்து பார்ப்பார்கள் என்பதால் பின்பக்கம் என்று ஒன்று இருக்காது. ஒரு பக்கம் மட்டும் வேலைப்பாடு இல்லாமல் மொட்டையாக இருந்தால், அது சுவரை ஒட்டி நிற்கச் செய்த வேறு ஏதோ சாமான்.

மூன்றாவது விக்டோரியா காலம். இங்கே கதையே மாறுகிறது. கண்ணாடி மீதிருந்த வரி 1845இல் நீங்கியது, கண்ணாடி மலிந்தது. 1850இல் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், இரண்டு தங்கமீன், கொஞ்சம் நீர்ச்செடி, சில நத்தைகள் இவற்றை ஒரே தொட்டியில் விட்டால் தண்ணீரை அடிக்கடி மாற்றாமலே உயிர்கள் பிழைத்திருக்கும் என்று எழுதினார். செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு, அழுகும் இலை நத்தைக்கு. 1853இல் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தார்கள். அவ்வளவுதான், நடுத்தரக் குடும்பங்களுக்கும் மோகம் பிடித்துக்கொண்டது. லண்டனில் தொட்டியும் மீனும் விற்பதற்கென்றே பெரிய கடை நடத்திய வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட் 1862இல் திவாலானார். மோகம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்கியது என்பதற்கு இதுவே கணக்கு. இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துச் சாமான்கள்தான் இன்று ஓரளவு கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன.

தொடங்க ஏற்றது: தலைகீழ்க் குடுவை

முதல் கொள்முதலுக்கு நான் சொல்வது ரீஜென்சி ஸ்டாண்டு அல்ல. விக்டோரியா காலத்துத் தோட்டக்காரர்கள் இளஞ்செடியின்மேல் கவிழ்த்து வைக்க மணி வடிவக் கண்ணாடி மூடி வைத்திருந்தார்கள். உச்சியில் தூக்குவதற்கு ஒரு குமிழ் இருக்கும். அதைத் தலைகீழாகத் திருப்பினால் நல்ல அகலமான மீன் குடுவை. குமிழ் கீழே வந்துவிடுவதால் தானாக நிற்காது. அதற்காகக் கடைசலில் ஒரு மரப் பாதம் செய்து, நடுவே குமிழ் இறங்கும் அளவுக்குக் குழி தோண்டினார்கள். அக்கால வழிகாட்டி நூல்களே செலவு குறைந்த மீன் தொட்டி என்று இதைத்தான் பரிந்துரைத்தன.

அந்தப் பாதம் தனியாகக் கிடைக்கும்போது கடைக்காரர்களுக்கே அது என்னவென்று தெரிவதில்லை. விளக்குத் தாங்கி என்பார்கள், கோப்பைப் பீடம் என்பார்கள். மேலே ஆழமான வட்டக் குழி, குழியைச் சுற்றி உட்குழிவாக இறங்கும் விளிம்பு, அகலமான கனத்த அடி மூன்றும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். குழிக்குள் விரலை விட்டால் அடி கொஞ்சம் சொரசொரப்பாக, மரநார் எழுந்து நிற்கும். குடுவையின் வெளிப்பக்கம் வழிந்த தண்ணீரெல்லாம் கடைசியில் போய்த் தங்கிய இடம் அது. சில பாதங்களில் குழிக்குள் கம்பளித் துணியோ பஞ்சோ ஒட்டிய தடம் இருக்கும், குமிழ் ஆடாமல் இருக்க வைத்தது.

குடுவையும் பாதமும் முதலிலிருந்தே ஜோடி என்று யாராவது அடித்துச் சொன்னால் சிரித்துவிட்டு விலையைக் கேளுங்கள். கண்ணாடி உடைந்தால் வேறொன்று வாங்கி வைத்த சாமான் இது. ஜோடி மாறியிருப்பது இங்கே குறையே இல்லை. குமிழ் குழியில் சரியாக இறங்கி, குடுவை சாயாமல் நின்றால் போதும்.

தண்ணீர்த் தடம் பார்ப்பது

சரி, கொஞ்சம் பெரிய சாமானுக்கு வருவோம். வளையம் வைத்த மூன்றுகால் ஸ்டாண்டு ஒன்று உங்கள் முன் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடுவையை எடுத்துக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம்.

வளையத்தின் உள்விளிம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கண்ணாடி உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இடம் வழவழவென்று தேய்ந்திருக்கும். தேய்மானம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்காது. கையால் ஊதிய குடுவை முழு வட்டமாக இருப்பதில்லை என்பதால் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் அதிகம் தேயும். அப்புறம் கறை. தண்ணீர் மாற்றுகிறவர் எப்போதும் ஒரே பக்கம் நின்றுதான் ஊற்றுவார். அதனால் வழிந்த தண்ணீரும் ஒரு பக்கத்துக் காலில்தான் அதிகம் இறங்கியிருக்கும். அந்தக் கால் தண்டோடு சேரும் மடிப்பில் கருத்த கோடு தெரியும், மற்ற இரண்டு காலிலும் மங்கலாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. வளையத்தைச் சுற்றி ஒரே அளவில், ஒரே கருப்பில் கறை ஓடினால் எனக்குச் சந்தேகம் வரும். மையோ சாயமோ தொட்டுத் தடவினால்தான் அவ்வளவு ஒழுங்காக வரும்.

வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டிய சாமான் என்றால் விரல் நகத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். அந்தக் காலத்துப் பசை விலங்குத் தோல், எலும்பு இவற்றைக் காய்ச்சி எடுத்தது. ஈரத்தில் இளகிவிடும். பசை விட்ட இடத்தில் சத்தம் வெறுமையாகக் கேட்கும். வளையத்தின் ஓரத்தில் வெனீர் தூக்கி, மறுபடி ஒட்டியிருந்தால் அது நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒரு துளி ஈரம்கூடப் படாத மாதிரி மேல்வளையம் பளபளவென்று இருந்து, ‘200 வருஷம் மீன் வைத்திருந்தார்கள்’ என்று விற்பவர் சொன்னால் இரண்டில் ஒன்று பொய்.

தங்க ரேக் ஒட்டியவற்றில் இன்னொரு சங்கதி உண்டு. மரத்தின்மேல் சுண்ணப் பூச்சு, அதன்மேல் செம்மண் பூச்சு, அதன்மேல் ரேக். இதில் உயர்ந்த வகை வேலையை ஈரத் துணியால் துடைத்தாலே ரேக் கையோடு வந்துவிடும். அப்படிப்பட்ட பூச்சை மீன் குடுவைக்குக் கீழே வைத்ததை நினைத்தால் வேடிக்கைதான். அதனால் மேல்வளையத்தில் மட்டும் ரேக்கைப் புதுப்பித்திருந்தால் பயப்படாதீர்கள், விலை பேச உதவும். தேய்ந்த முனைகளில் செம்மண் நிறம் எட்டிப் பார்த்தால் ரேக். மங்கிப் பழுப்பாகிப் போயிருந்தால் யாரோ பின்னாளில் பித்தளைப் பொடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

பிறகு சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். கையால் செய்த பழைய ஸ்க்ரூவின் நுனி மழுங்கலாக இருக்கும், தலையில் உள்ள வெட்டு நடுவிலிருந்து சற்று விலகியிருக்கும். கூர்நுனி ஸ்க்ரூ செய்யும் அமெரிக்கக் காப்புரிமையை பர்மிங்காம் நெட்டில்ஃபோல்டு நிறுவனம் 1854இல் வாங்கிய பிறகுதான் இங்கிலாந்தில் அது பரவலானது. ரீஜென்சி ஸ்டாண்டில் எல்லா ஸ்க்ரூவும் கூர்நுனி என்றால் கேள்வி கேட்க வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் என்றால் ரிப்பேர்.

புழுத் துளைகளையும் விடாதீர்கள். துளையிலிருந்து வெளிர் நிறத்தில் புதுத்தூள் உதிர்ந்தால் புழு இன்னும் உள்ளே இருக்கிறது. துளைக்குப் பதிலாகப் புழு அரித்த வாய்க்கால் மேற்பரப்பில் நீளவாட்டில் தெரிந்தால், ஏற்கனவே அரித்த பழைய மரத்தை அறுத்துப் புதிதாகச் செய்த சாமான் அது.

வேஷம் போட்டு வருபவை

அதிகம் ஏமாற்றுவது 18ஆம் நூற்றாண்டு முகம் கழுவும் ஸ்டாண்டு. மூன்று கால், மேலே வளையம், நடுவில் ஒரு தட்டும் இரண்டு குட்டி டிராயரும். அந்த வளையம் சின்னப் பீங்கான் பாத்திரத்துக்கானது, டிராயர் சோப்பு முதலிய சாமான் வைக்க. இதை விக் (பொய்முடி) ஸ்டாண்டு என்று விற்றுக்கொண்டிருந்தார்கள், இப்போது தங்கமீன் ஸ்டாண்டு என்றும் விற்கிறார்கள். கால்களை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள குடுவையில் முக்கால்வாசி நிரப்பினாலே 10 லிட்டருக்கு மேல் பிடிக்கும், 40 செ.மீ. என்றால் 25 லிட்டர். அந்தக் கனம் உச்சியில் இருக்க, ஒல்லிக் கால் முகம் கழுவும் ஸ்டாண்டு தாங்காது. மீனுக்காகச் செய்த ஸ்டாண்டின் அடி, மேல்வளையத்தைவிட அகலமாக விரிந்திருக்கும்.

பூகோள உருண்டை ஸ்டாண்டும் வளையம் வைத்ததுதான். உருண்டை உடைந்த பிறகு காலி ஸ்டாண்டு பலவகையில் பிழைப்பு நடத்துகிறது. வளையத்தின் உள்பக்கம் எதிரெதிரே இரண்டு சதுர வெட்டு இருக்கிறதா, மேலே அச்சிட்ட காகிதம் ஒட்டியிருந்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான்.

பூந்தொட்டித் தாங்கி, ஒயின் குளிர்விக்கும் பெட்டி இரண்டிலும் உலோகத் தகடு போட்டிருப்பார்கள், தண்ணீர்க் கறையும் இருக்கும், அதனால் குழப்பம் சகஜம். ஆனால் அவை இரண்டும் உள்ளே இருப்பதை மறைக்கும் சாமான்கள். மீன் வைக்கிற சாமான் பக்கவாட்டில் பார்க்க விடவேண்டும். பக்கம் முழுக்க மரமாக இருந்தால் உள்ளே மீன் வைத்து என்ன பிரயோசனம்?

கண்ணாடியிலும் இதே கதை. மருந்துக்கடைகளில் அட்டைப்பூச்சி வைத்திருந்த ஜாடி, பால் ஆடை பிரியவிட்ட அகன்ற பாத்திரம் இரண்டும் மீன் குடுவையாக மாறிவிடுகின்றன. கையால் ஊதிய பழைய கண்ணாடியின் அடியில், செய்யும்போது பிடித்திருந்த இரும்புக் கம்பியிலிருந்து உடைத்தெடுத்த வடு இருக்கும், அல்லது அதைத் தேய்த்து மட்டமாக்கியிருப்பார்கள். உள்ளே எள்ளளவு காற்றுக் குமிழிகள் தெரியும். விளிம்பு வெளிப்பக்கமாக மடித்து உருண்டிருக்கும். விளிம்பு கத்தரித்த மாதிரி நேராக இருந்தால் மேல்பகுதி உடைந்து அறுத்ததாக இருக்கலாம்.

இரும்புச் சட்டத் தொட்டிகள்

விக்டோரியா காலத்தின் சதுரத் தொட்டிகள் வேறு குடும்பம். வார்ப்பிரும்புக் கால், இரும்பு அல்லது துத்தநாகச் சட்டம், அடியில் சிலேட்டுக் கல், பக்கங்களில் கனத்த கண்ணாடி. சிலவற்றில் நடுவே நீரூற்றுக் குழாயும் வைத்திருப்பார்கள்.

இவற்றில் முத்திரை தேடுங்கள். 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் பதிவு செய்த வடிவமைப்புகளுக்குச் சாய்சதுர முத்திரை உண்டு. உச்சியில் உள்ள வட்டத்தில் பொருள் வகையின் எண்: உலோகம் I, மரம் II, கண்ணாடி III, பீங்கான் IV. வருஷத்தைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல் மூலையில், 1868இலிருந்து வலது மூலையில். 1884இலிருந்து வெறும் வரிசை எண்தான். முத்திரை சொல்வது வடிவமைப்பைப் பதிவு செய்த நாளை. சாமான் வார்த்தது அதற்குப் பல வருஷம் கழித்தும் இருக்கலாம். பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அமெரிக்கத் தொட்டிகளும் ஆங்கிலேயச் சாமான் என்ற பெயரில் சந்தைக்கு வருகின்றன. நியூயார்க்கின் ஜே. டபிள்யூ. ஃபிஸ்க் நிறுவனம் 1870களில் அழகான வார்ப்பிரும்புத் தொட்டிகள் செய்தது. அதுவும் நல்ல சாமான்தான், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல.

சட்டத்தின் உள்மூலையில் செங்காவி நிறத்தில் கெட்டியாக இருக்கும் பட்டியை, அதாவது கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டிய பூச்சை, சுரண்டாதீர்கள். அது சிவப்பு ஈயம் கலந்தது, தூள் மூச்சில் போகக்கூடாது. பழைய பட்டி அப்படியே இருப்பது சாமானுக்கு மதிப்பு. வெள்ளை சிலிகான் பிதுங்கி நின்றால் யாரோ சமீபத்தில் மீன் வளர்க்க முயன்றிருக்கிறார்கள். மோகம் தணிந்த பிறகு நிறையத் தொட்டிகளில் மண்ணைக் கொட்டிப் பெரணி வளர்த்தார்கள், மூலையில் மண் படிந்திருந்தால் அதற்காக விலக்க வேண்டாம்.

பார்ப்பதும் வாங்குவதும்

கண் பழக லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பிரிட்டிஷ் கூடங்களும், பழைய வீட்டு அறைகளைக் காலவாரியாக அமைத்துக் காட்டும் மியூசியம் ஆஃப் தி ஹோமும் போதும். ட்விக்கனத்தில் உள்ள ஸ்ட்ராபெரி ஹில்லைப் பார்த்தால் வால்போலின் ரசனை புரியும். வாங்குவதற்கு இங்கிலாந்தின் நியூவார்க், ஆர்டிங்லி பழம்பொருள் சந்தைகள் நல்லவை. விடியற்காலையிலேயே போய்விடுங்கள், டார்ச்சும் அளவு நாடாவும் பையில் இருக்கட்டும். பெரிய தொகை போடுவதாக இருந்தால் பாடா அல்லது லபாடா என்ற பிரிட்டிஷ் பழம்பொருள் வணிகர் சங்கங்களில் உறுப்பினராக உள்ள வணிகரிடம் போய், காலத்தையும் செய்த ரிப்பேர்களையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

ஏலத்தில் எடுப்பதென்றால் அட்டவணை வாசகத்தை எழுத்தெண்ணிப் படியுங்கள். ‘ரீஜென்சி’ என்றால் அந்தக் காலத்தது, ‘ரீஜென்சி பாணி’ என்றால் பின்னால் செய்த நகல். ‘மாற்றியமைத்தது’ என்றிருந்தால் வேறொரு சாமானாகப் பிறந்தது. ‘கண்ணாடி சேர்க்கப்பட்டது’ என்றால் குடுவை அதனுடையதல்ல. நிலை அறிக்கை கேட்டால் அனுப்புவார்கள். வளையத்தின் உட்புறம், அடிப்புறம் இரண்டுக்கும் தனிப் படம் கேளுங்கள். சுத்தியல் விழுந்த விலையோடு முடியாது. ஏல நிறுவனத்தின் கட்டணம் பெரும்பாலும் கால் பங்கு அளவுக்கு வரும், அதன்மேல் வரி, அப்புறம் பார்சல் செலவு. கையில் உள்ள பணத்தில் மூன்றில் இரண்டு பங்கோடு கையைத் தூக்குவதை நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தியாவுக்கோ வேறு நாட்டுக்கோ கொண்டுபோவதாக இருந்தால் மரம் எது என்று முன்பே உறுதி செய்யுங்கள். ரீஜென்சி ரோஸ்வுட்டில் பெரும்பகுதி பிரேசில் மரம். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அது 1992இலிருந்து இருக்கிறது. சாமான் எவ்வளவு பழையதானாலும் எல்லை தாண்டக் காகிதம் வேண்டும். நம்ம ஊர் ஈட்டி மரமும் அந்தக் காலத்தில் மேற்குக் கடற்கரையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அந்த மரத்துக்கும் இன்று சைட்டிஸ் கட்டுப்பாடு உண்டு, பட்டியல்தான் வேறு. எது எந்த மரம் என்று வெறுங்கண்ணால் சொல்வது கடினம், தெரிந்த ஆளிடம் எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டில் வைப்பது

தண்ணீர் ஊற்றி மீன் விடலாமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. வேண்டாம். பழைய படிகக் கண்ணாடியிலும் பட்டியிலும் ஈயம் இருக்கலாம். தங்கமீன் 20 செ.மீ. தாண்டி வளரும், ஒழுங்காக வளர்த்தால் 10 வருஷத்துக்கு மேல் வாழும். குடுவையில் அதற்குக் காற்றும் போதாது, அதன் கழிவிலிருந்து வரும் அமோனியா வெளியேற வழியும் இல்லை. மீன் ஆசை இருந்தால் வடிகட்டியோடு பெரிய தொட்டியை வேறு இடத்தில் வையுங்கள். இரும்புச் சட்டத் தொட்டிக்குள் அளவாகப் புதுக் கண்ணாடித் தொட்டி செய்து இறக்குகிறவர்கள் உண்டு. 60க்கு 30க்கு 30 செ.மீ. தொட்டி தண்ணீர், கல், இரும்பு எல்லாம் சேர்ந்து 80 கிலோ வரும். பழைய வார்ப்பிரும்புக் காலில் மயிரிழை விரிசல் இல்லை என்று உறுதியாகத் தெரியாமல் அதில் இறங்காதீர்கள்.

காட்சிக்கு மட்டும் என்று குடுவையில் தண்ணீர் நிரப்பினாலும் ஜன்னல் வெயில் படும் இடத்தில் வைக்கக்கூடாது. உருண்டைக் குடுவைத் தண்ணீர் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைத்துவிடும்.

மரத்துக்கு வருஷத்தில் இரண்டு முறை தேன்மெழுகுப் பாலிஷ் போதும், தங்க ரேக் பகுதியை மெல்லிய உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டிவிடுங்கள். பழைய தண்ணீர்க் கறையை எடுத்துத் தருகிறேன் என்று பாலிஷ்காரர் யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்து வாங்குகிறவர் அதைத்தான் தேடிப் பார்ப்பார்.